மினி பொக்லைன் இறக்குமதி: ஹார்பரில் இருந்து தோப்பு வரைக்கும்

கேள்வி, 2024 ஜூன் 3

அண்ணா, உடுமலை பக்கத்துல இருந்து எழுதறேன். 8 ஏக்கர் தென்னை. வேர் வாடல்ல போன மரங்களை எடுத்துட்டுக் கன்னு வைக்கறதுக்காக சீனாவுல இருந்து 1.8 டன் மினி பொக்லைன் ஒண்ணு ஆர்டர் போட்டேன். கப்பல் ஏறியாச்சு. தூத்துக்குடியில இறங்கும். "கன்டெய்னர் உங்க தோட்டத்து வாசலுக்கே வரும், கதவைத் திறந்து பேட்டரியை மாட்டி ஓட்டிட்டு இறங்கிக்கலாம்"னு ஆர்டர் பிடிச்சுக் கொடுத்தவர் சொல்றார். நீங்க போன வருசம் எடுத்தீங்கல்ல, அப்படித்தான் நடந்துச்சா?

ஜூன் 3, இரவு

இல்லை தம்பி. கன்டெய்னரை வாசலுக்குக் கொண்டு வரவே வேண்டாம்.

டிரெய்லர் மேல நிக்கிற கன்டெய்னரோட தளம் தரையில இருந்து நாலரை அடிக்கு மேல இருக்கும். கம்பெனிகள்ல அந்த உயரத்துக்கு மேடை கட்டி வச்சிருப்பாங்க. தோட்டத்துல என்ன இருக்கு? ஹைட்ரா கூப்பிட்டா அது மேல இருந்து தூக்குற வண்டி. கூரை போட்ட பெட்டிக்குள்ள நிக்கிற மெஷினை அதால எப்படித் தூக்க முடியும்? கயிறு கட்டி இழுக்கத்தான் முடியும். இழுத்தா வாசப்படியில தொங்கும்.

இன்னொண்ணு, காலி கன்டெய்னரைத் திரும்பத் தூத்துக்குடியிலயே ஒப்படைக்கணும். போக 300, வர 300 கிலோமீட்டர் டிரெய்லர் வாடகை உங்க தலையில. யார்டுலயே, அதாவது ஹார்பர் பக்கத்துல கன்டெய்னரைத் திறந்து சரக்கு எடுக்கிற சி.எஃப்.எஸ்.லயே பிரிச்சு எடுத்து, திறந்த லாரியில ஏத்திட்டு வாங்க. அங்க சாய்தளம் இருக்கு, ஃபோர்க்லிஃப்ட் இருக்கு, இதையே தினம் செய்யற ஆளுங்களும் இருக்காங்க.

மீதி நாளைக்கு எழுதறேன். இன்னிக்கு மோட்டார் ரிப்பேர், கை ஓய்ஞ்சு போச்சு.

ஜூன் 4

காகிதம்தான் முதல்ல. மெஷின் கப்பல்ல வரட்டும், இப்பவே ஒரு வேலை பாருங்க. மெஷின் உடம்புல தட்டு அடிச்சிருப்பாங்க, அதுல சீரியல் நம்பர் இருக்கும். இன்ஜின்ல தனி நம்பர். ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இன்வாய்ஸ்லயும் பேக்கிங் லிஸ்ட்லயும் இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். இன்வாய்ஸ்ல கடைசி எழுத்து 8. தட்டுல 3. அவ்வளவுதான். விக்கிறவன் ஆபீஸ்ல டைப் பண்ணின பொண்ணோ பையனோ செஞ்ச தப்பு. யார்டுல ஆபீசர் வந்து பெட்டியைத் திறந்து தட்டைப் பார்க்கிறப்பதான் தெரிஞ்சுது. தட்டு மேல கிரீஸ் அப்பியிருந்துச்சு, நான்தான் என் துண்டால துடைச்சு விட்டேன். துடைக்கத் துடைக்க அந்த 3 தெளிவா வருது, எனக்கு வயித்தைக் கலக்குது. கஸ்டம்ஸ்ல கொடுத்த இறக்குமதி விவரச் சீட்டை, அதாவது பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தி, விக்கிறவன் கிட்ட இருந்து கடிதம் வாங்கி, எல்லாம் முடிய ஆறு நாள். ஆறு நாளும் யார்டுக்குத் தரை வாடகை ஒரு பக்கம், கப்பல் கம்பெனிக்குக் கன்டெய்னர் வாடகை டாலர்ல இன்னொரு பக்கம்.

உங்களுக்கு இன்னும் பில் போடலை. இப்பவே தப்பு இருந்தா ஒரு மெயில்ல தீரும்.

ஜூன் 4, கொஞ்சம் கழிச்சு

ஐ.இ.சி., அதாவது இறக்குமதி ஏற்றுமதிக்கான நம்பர், எடுத்தாச்சான்னு கேட்க மறந்துட்டேன். ஆன்லைன்ல 500 ரூபாய். பான் நம்பரேதான் அந்த நம்பரா வரும். பேங்க்ல ஏ.டி. கோடு (வெளிநாட்டுப் பணம் அனுப்பற பேங்க் கிளையோட நம்பர்) வாங்கி அதையும் கஸ்டம்ஸ்ல பதிஞ்சு வைங்க. கப்பல் வந்த பிறகு இதுக்கு ஓடக்கூடாது.

பி.எல். (சரக்குக்குக் கப்பல் கம்பெனி கொடுக்கிற சீட்டு) ஒரிஜினல் கூரியர்ல வருதா, இல்ல அங்கயே கப்பல் கம்பெனி கிட்டத் திருப்பிக் கொடுத்து சரண்டர் பண்ணிடறாங்களான்னு கேளுங்க. முழுப் பணமும் கட்டியாச்சுன்னா சரண்டர் பண்ணச் சொல்லுங்க. பி.எல். கைக்கு வராம, இல்ல சரண்டர் ஆகாம, டி.ஓ. (பெட்டியைக் கொடுக்கச் சொல்ற சீட்டு) கிடைக்காது, டி.ஓ. இல்லாம பெட்டி நகராது.

ஜூன் 6

"ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கட்டினா முடிஞ்சுது, வேற எதுவும் இல்லை"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அப்படி நினைச்சுப் பணத்தை எடுத்து வச்சீங்கன்னா பத்தாது.

அடிப்படைச் சுங்கவரி 7.5. அந்த வரித் தொகை மேல சமூகநலக் கூடுதல் 10 சதவீதம். இது ரெண்டையும் விலையோட சேர்த்து, மொத்தத்து மேல ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடற ஜி.எஸ்.டி.) 18. விலைன்னா மெஷின் விலை மட்டும் இல்லை, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்தது. 5 லட்சம்னு வச்சுக்குங்க. சுங்கவரி 37,500. கூடுதல் 3,750. இப்ப 5,41,250 ஆச்சு. அதுக்கு 18 சதவீதம் 97,425. ஆக மொத்தம் 1,38,675. சதவீதமா 27.735.

வாடகைக்கு ஓட்டறதுக்காக ஜி.எஸ்.டி. பதிவு வச்சிருக்கவங்க அந்த 97,425-ஐ வரவு எடுத்துக்கலாம். உங்களை மாதிரி சொந்தத் தோப்புக்கு மட்டும்னா அது போனதுதான். நான் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கும் விடறதால பதிவு எடுத்துக்கிட்டேன். இதை ஆர்டர் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும், எனக்கே பாதியிலதான் தெரிஞ்சுது.

ஜூன் 7

தம்பி தனியாக் கேட்டது: "கப்பல் கொழும்பு வந்துட்டதா செயலியில காட்டுது, இன்னும் தூத்துக்குடிக்கு வரலை. எப்ப பில் போடறது?"

கப்பல் இங்க வந்து சேர்ற நாளுக்கு முந்தின நாள் முடியறதுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி போட்டிருக்கணும். தாமதமானா முதல் மூணு நாளுக்கு நாள் ஒண்ணுக்கு 5,000, அதுக்கப்புறம் நாளுக்கு 10,000. பி.எல்.ல இருக்கிற கப்பல் பேரைப் போட்டு தினம் பார்த்துக்கிட்டே இருங்க.

ஜூன் 8

நேத்து எழுதினதைத் திருத்தணும். பி.எல்.ல இருக்கிற கப்பலைப் பார்க்கச் சொன்னேன், அது தப்பு. தூத்துக்குடி வர்ற பெட்டி பெரும்பாலும் கொழும்புல இறங்கி, சின்னக் கப்பல்ல மாறி வரும். பெரிய கப்பல் கொழும்புல உங்க பெட்டியை இறக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடும். உங்க கணக்கு ஓடறது அந்தச் சின்னக் கப்பலை, ஃபீடர்னு சொல்றதை வச்சு. ஃபீடர் பேர், எப்ப புறப்படுதுன்னு சி.எச்.ஏ. (நமக்காகக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கிற ஏஜென்ட்) கிட்டக் கேளுங்க, அவருக்குத் தெரியும். இந்த வருசம், 2024-ல, செங்கடல் பிரச்சினையால கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போகுது, கொழும்புல நெரிசல். பெட்டி அங்க உட்கார்ந்தாப் பதறாதீங்க. ஆனா ஒரு நாள் திடீர்னு கிளம்பிடும், அதனால காகிதம் தயாரா இருக்கட்டும்.

ஜூன் 9

பில்லைப் பார்க்கிற ஆபீசர் தூத்துக்குடியிலதான் இருப்பார், நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்னு நினைக்காதீங்க. முகம் பார்க்காத மதிப்பீடுன்னு 2020 ஜூன்ல சென்னையிலயும் பெங்களூருலயும் ஆரம்பிச்சாங்க. முதல்ல எடுத்ததே சுங்கவரிப் பட்டியல்ல 84, 85 அத்தியாயச் சரக்குகளைத்தான். நம்ம பொக்லைன் 84-ல வர்றது. இப்ப நாடு முழுக்க அப்படித்தான். எந்த ஊர்ல இருக்கிற ஆபீசர் கையிலயும் உங்க பில் போகலாம். கேள்வியும் பதிலும் கம்ப்யூட்டர்லயே. அதனால மெஷின் கேட்டலாக், எடை, இன்ஜின் குதிரைத்திறன், பணம் அனுப்பின பேங்க் ரசீது எல்லாத்தையும் முதல்லயே ஏத்திடுங்க.

ஜூன் 9

அப்புறம் மரக்கட்டை. மெஷினுக்கு ஆப்பு வைக்கிற கட்டை, உபரி பக்கெட் வர்ற பெட்டி, எல்லாத்துலயும் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை சுட்டு வச்சிருக்கணும், பக்கத்துல ஹெச்.டி.ன்னு இருக்கும். மரத்தைச் சூட்டுல வச்சுப் பூச்சி கொன்னாச்சுன்னு அர்த்தம், நடுமரம் வரைக்கும் 56 டிகிரி, 30 நிமிசம். முத்திரை இல்லாத கட்டை ஒண்ணு கிடந்தாலும் தொந்தரவு. போட்டோ கேட்கிறப்ப இதையும் கேளுங்க.

ஜூன் 12

யார்டுல எடுக்கிற நாளைப் பத்தி. இதை நீளமா எழுதறேன், நான் பணம் விட்ட இடம் இதுதான்.

காலையில 11 மணிக்குப் பெட்டியைச் சாய்தளத்துக்குக் கொண்டு வந்தாங்க. சீலை வெட்டினாங்க. கதவைத் திறந்ததும் உள்ள இருந்து டீசலும் புதுப் பெயின்ட்டும் கலந்து ஒரு வாடை. மெஷின் முகத்தை நம்ம பக்கம் காட்டி, கையை மடக்கி உட்கார்ந்திருந்துச்சு. எனக்கு ஆனந்தம். ரெண்டு வருசம் சேர்த்த காசு. நேரா ஏறி சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன். ஏறறதுக்கு முன்னாடி கீழ பார்த்திருக்கணும்.

வலது பக்கத் தடத்துக்குப் பின்னால அடிச்சிருந்த ஆப்பு கழண்டு ஓரமாக் கிடந்துச்சு. தளத்துல உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. கடல்ல கப்பல் ஆடறப்ப மெஷின் நகர்ந்து, மேல்கூரைத் தூண் பெட்டிச் சுவத்துல மோதி வளைஞ்சிருந்தது. கூடவே மண்ணைத் தள்ளற டோசர் பிளேடுக்குப் போற ஹோஸ் ஒண்ணு இரும்புல உரசி, மேல் ரப்பர் தேய்ஞ்சு உள்கம்பி தெரிஞ்சுது. இதையெல்லாம் நான் தோட்டத்துக்கு வந்து ரெண்டாம் நாள்தான் பார்த்தேன். யார்டுல "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்துப் போட்டாச்சு. இன்சூரன்ஸ் இருந்துச்சு. கேட்டப்ப, "பெட்டியில இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி சர்வேயரைக் கூப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. கூப்பிடலை. க்ளெய்ம் போச்சு.

நீங்க இப்படிச் செய்யுங்க. சீல் வெட்டறதுக்கு முன்னாடி சீல் நம்பரோட கதவைப் படம் எடுங்க. திறந்ததும் யாரையும் உள்ள விடாம தளம், ஆப்பு, கட்டின பெல்ட், ரெண்டு பக்கச் சுவர் எல்லாம் படம். ஏதாவது அடிபட்டிருந்தா வேலையை நிறுத்திட்டு, இன்சூரன்ஸ்காரங்களுக்கு போன். வெளியில தெரியாத சேதம்னா டெலிவரி எடுத்த 3 நாளுக்குள்ள கப்பல் கம்பெனிக்கு எழுத்துல கொடுத்தாகணும். யார்டு ஆளுங்க அவசரப்படுத்துவாங்க, அடுத்த பெட்டி காத்துக்கிட்டு இருக்கும். அவசரப்படட்டும். அந்த அரைமணி நேரம் உங்களோடது.

ஜூன் 12, தொடர்ச்சி

வெளியில எடுக்கிறப்ப இன்ஜின் ஓடணும்னு கட்டாயம் இல்லை. எனக்கு யார்டு ஆளுங்க ஃபோர்க்லிஃப்டால பிளேடுக்கு அடியில கொஞ்சம் தூக்கி இழுத்தாங்க. அதுவும் தப்பு, தடத்துல ரப்பர் கீறிடுச்சு. பேட்டரியை மாட்டி, டீசல் 10 லிட்டர் ஊத்தி ஓட்டியே இறக்கறதுதான் நல்லது. டீசலைப் பெரும்பாலும் வடிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. கேன், புனல், 13, 17, 19 ஸ்பேனர், கையுறை, பழந்துணி எல்லாம் எடுத்துட்டுப் போங்க. யார்டுல எதுவும் கிடைக்காது.

லாரிக்கு ஹைட்ரா வச்சு ஏத்தினா, மெஷின்ல எங்க கயிறு போடணும்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. பெரும்பாலும் பிளேடோட ரெண்டு முனை, பூம் (உடம்போட சேர்ந்த அடிக்கை) மேல ஒண்ணு. கூரைத் தூண்ல கயிறு போட விடவே விடாதீங்க.

ஜூன் 13

லாரி எதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. எனக்கு டாடா 407 லாரி வந்துச்சு. மெஷின் 1.8 டன், ஆனா மூணு பக்கெட், ரிப்பர், உதிரிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 2.1 டன் கிட்ட. வாடகை பேசறப்ப இந்த மொத்த எடையைச் சொல்லுங்க. ஈ-வே பில் (சரக்கோட போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, நமக்கு ரெண்டு நாள் கிடைக்கும். மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி வழி. ராத்திரி ஓட்டினா காலையில வந்துடலாம்.

ஜூன் 13, இரவு

தோட்டத்துல இறக்கறதுக்கு ஹைட்ரா வேண்டாம். எங்க பெரியப்பா சொன்ன யோசனைதான். பழைய கிணத்து மேடு, கிணறு வெட்டினப்ப எடுத்துக் கொட்டின மண்ணு, லாரித் தட்டு உயரத்துக்கு இறுகிக் கிடந்துச்சு. 407-ஐப் பின்னால எடுத்து அதுல ஒட்டி நிறுத்தினோம். நடுவுல ஒரு முழம் இடைவெளி. அதுல பனை வாரை நாலு போட்டோம்.

விடிகாலை, பனி ஈரம். ரப்பர் தடம் முதல் வாரையில ஏறினதும் சறுக்குச்சு. அரை அடிதான், ஆனா மெஷின் ஒரு பக்கம் சாய்ஞ்சதும் எல்லாரும் கத்திட்டாங்க. பெரியப்பா மட்டும் கத்தலை. சாளைக்குள்ள (தோட்டத்துக் குடிசை) போய் நாலு சாக்கு எடுத்துட்டு வந்து, மண்ணைத் தூவி வாரை மேல விரிச்சார். அப்புறம் ஒரு நூல் கூட நகராம நடந்து போய் மண்ணுல நின்னுச்சு.

பக்கெட்டைத் தரைக்கு ஒரு சாண் மேல வச்சுக்குங்க, மெதுவான கியர், வாரை மேல போறப்ப திருப்பவே கூடாது. திருப்பணும்னா மண்ணுல நின்ன பிறகு. லாரிக்கு முன்சக்கரத்துல கல் வைங்க. பக்கத்துல ஆள் நிக்க வேண்டாம், முக்கியமாச் சின்னப் பசங்க. எங்க வீட்டுப் பசங்க மேட்டு மேலயே நின்னாங்க, அதை நினைச்சா இப்பவும் பகீர்ங்குது.

ஜூன் 15

"பொக்லைனா, ஹிட்டாச்சியா, எதுன்னு சொல்றது?" ஒரு அம்மா கேட்டிருக்காங்க. ரெண்டுமே கம்பெனிப் பேருங்க. பொக்லைன் பிரான்ஸ்காரங்க. ஹிட்டாச்சி ஜப்பான், டாடாவோட டெல்கோ கம்பெனி கூடக் கூட்டுச் சேர்ந்து இங்க வந்தது. ஜே.சி.பி. இங்கிலாந்துல ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுன்னு ஒருத்தர் 1945-ல ஆரம்பிச்சது, அவர் பேரோட முதலெழுத்துதான். நம்ம ஊர்ல டயர் போட்டுப் பின்னால கை இருந்தா ஜே.சி.பி., சங்கிலி போட்டுச் சுத்தினா ஹிட்டாச்சி. எந்தப் பேர் சொன்னாலும் டிரைவருக்குப் புரியும். காகிதத்துல மட்டும் எக்ஸ்கவேட்டர்னு போடணும்.

ஜூன் 16

டிரைவர்னதும் ஞாபகம் வருது. ஜே.சி.பி. ஓட்டிப் பழகின பையனை முதல் நாளே உட்கார வச்சோம். இந்த மெஷின்ல இடது கை லீவர் பக்கவாட்டுல மேல்பாகத்தைச் சுத்தும், முன்பின் ஆர்ம், அதாவது பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவுல இருக்கிற கை. வலது கை முன்பின் பூம், பக்கவாட்டு பக்கெட். அவன் கைப்பழக்கம் வேற. ஆர்மை நீட்டறதா நினைச்சு லீவரை முன்னால தள்ளினான், பூம் இறங்கிச் சொட்டுநீர்க் குழாயை நசுக்கிடுச்சு. நல்ல பையன், முகம் செத்துப் போச்சு. ஒரு நாள் முழுக்க வெறும் மண்ணுல குவிக்கவும் கலைக்கவும் விட்டேன். மறுநாள் கை வந்துடுச்சு. சில மெஷின்ல சீட்டுக்கு அடியில முறையை மாத்தற வால்வு இருக்கு, ஆர்டர் போடறப்பவே கேட்டு வாங்கலாம்.

ஜூன் 18

முதல் தடவை ஸ்டார்ட் பண்றது. இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணி, ஹைட்ராலிக் ஆயில் மூணும் பாருங்க. ஹைட்ராலிக் ஆயில் கண்ணாடியை ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நிலையில மெஷினை நிறுத்தித்தான் பார்க்கணும், வேற நிலையில வச்சுப் பார்த்தா அளவு தப்பாக் காட்டும், குறைவுன்னு நினைச்சு ஊத்திடுவீங்க. பேட்டரிக்கு பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசியில. சாவியை ஆன்ல வச்சு ஒரு நிமிசம் விடுங்க, எலக்ட்ரிக் பம்ப் இருந்தா டீசல் லைன்ல காத்தைத் தள்ளும். அப்புறம் ஸ்டார்ட்.

இன்ஜின் ஓடுது, லீவர் எதுவும் வேலை செய்யலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க. இடது கை பக்கம் இருக்கிற பாதுகாப்பு லீவர் மேல தூக்கியிருக்கும். அதை இறக்கினாத்தான் ஹைட்ராலிக் வரும். நாங்க இதுல ஒன்றரை மணி நேரம் போக்கினோம்.

பத்து நிமிசம் ஐடில்ல விட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவா முழுசா நீட்டி மடக்குங்க. முதல் நாள் சாயங்காலம் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முறுக்குங்க, முக்கியமாத் தடச் சக்கரம். 50 மணி நேரத்துல முதல் ஆயில் மாத்தணும். வடிக்கிற ஆயில்ல இரும்புப் பொடி மினுங்கினா பயப்படாதீங்க, புது இன்ஜின் தேயற பொடி அது.

ஜூன் 19

தடம் தொளதொளன்னு இருக்குன்னு நான் போன வருசம் கிரீஸ் அடிச்சு நல்லா இறுக்கினேன், எல்லாருக்கும் அதையே சொல்லிக்கிட்டும் இருந்தேன். என் பேச்சைக் கேட்டு இறுக்கினவங்க தயவுசெஞ்சு இளக்குங்க. இறுகின தடம், மெஷினை நகர்த்தற டிராவல் மோட்டாரை வதைக்கும், செம்மண்ணு ஒட்டிக் காய்ஞ்சா இன்னும் இறுகும். ஒரு பக்கத்தைத் தரையில இருந்து தூக்கி, நடு ரோலருக்கும் தடத்துக்கும் இடைவெளி எவ்வளவுன்னு பார்க்கணும். என் மெஷின் புத்தகத்துல 10 முதல் 15 மில்லிமீட்டர். உங்க புத்தகத்துல இருக்கிறதை வச்சுக்குங்க. இளக்கறப்ப கிரீஸ் வால்வுக்கு நேரா முகத்தை வைக்காதீங்க, உள்ள இருக்கிற அழுத்தத்துல பீய்ச்சி அடிக்கும்.

ஜூன் 21

தென்னை பத்தித் தம்பி கேட்டதுக்கு நேரடியாச் சொல்லிடறேன். 1.8 டன் மெஷின் நிக்கிற மரத்தைத் தள்ளாது. தள்ளிப் பார்க்காதீங்க, மெஷின்தான் பின்னால தூக்கும். மரத்தை மேல இருந்து வெட்டி இறக்கிட்டு, கட்டையைச் சுத்தி ரெண்டு முழத்துல குறுகலான பக்கெட்டால வேரை அறுத்து வரணும். முழு வட்டம் அறுத்த பிறகு ஒரு பக்கம் நெம்பினா வந்துடும். ஒரு கட்டைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகுது. மூணடிக்கு மூணடி குழி பத்து நிமிசம். ஏக்கருக்கு 70 குழி, ஆள் வச்சு வெட்டின கூலியோட கணக்குப் போட்டுப் பாருங்க.

ரெண்டு தடமும் சேர்த்து மெஷின் ஒரு மீட்டர் அகலம்தான். 25 அடி இடைவெளித் தோப்புல சொட்டுநீர்க் குழாயை மிதிக்காமப் போய் வருது. ஜே.சி.பி. விட்டப்ப பக்கத்து மர வேரெல்லாம் மிதிபட்டு, அடுத்த வருசம் குரும்பை கொட்டுச்சு. நான் கடன் பட்டு இதை வாங்கினது அதுக்காகத்தான். நோய் தாக்கின மரம் போகட்டும், நல்லா இருக்கிறதையும் நாமளே மிதிச்சுக் கொல்லக்கூடாது.

ஜூன் 29

தம்பியோட பெட்டி நேத்து யார்டுக்கு வந்துச்சு. நானும் கூடப் போனேன், பஸ்ல. சீரியல் நம்பர் ஒத்துப் போச்சு. கட்டை எல்லாத்துலயும் முத்திரை. படம் எடுக்க விடாம ஒருத்தர் சத்தம் போட்டார், தம்பி அசையலை, பொறுமையா ஒவ்வொண்ணா எடுத்தார். சேதம் இல்லை. இடது தடத்துல ஒரு கீறல், நகத்தால தேய்ச்சுப் பார்த்தோம், பெயின்ட்தான்.

ஓட்டியே இறக்கினோம். முதல் தடவை ஸ்டார்ட் ஆகலை, டீசல் கேன் குழாய்ல காத்து. ரெண்டாவது தடவை பிடிச்சுக்கிச்சு. இப்ப லாரி ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு. சாக்கு நாலு எடுத்து வைக்கச் சொல்லி அவங்க அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன்.